மலர்ப் பள்ளத்தாக்குக்குப் பெயர் வைத்த மலையேறி: யார் இந்த ஃப்ராங்க் ஸ்மைத்?

ஜூலை வந்தால் போதும், ட்ரெக்கிங் வாட்ஸ்அப் குரூப்களில் ஒரு பெயர் சுற்ற ஆரம்பித்துவிடும்: ‘வேலி ஆஃப் ஃப்ளவர்ஸ்’. ஒரு வாரம் லீவு, டேராடூனுக்கு ஃப்ளைட், அங்கிருந்து ஜோஷிமட், கோவிந்த்காட், காங்கரியா. அதன் பிறகு நடை. மழைக்கோட்டு, பேக்பேக், பின்னணியில் பனிமலை, முன்னால் முழங்கால் உயரத்துக்குப் பூக்கள். இந்த ரீல்ஸை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

உத்தராகண்டின் சமோலி மாவட்டத்தில் இருக்கும் இந்தத் தேசியப் பூங்கா 87.5 சதுர கிலோமீட்டர்தான். ஆனால், அதற்குள் சுமார் 500 வகைப் பூக்கும் தாவரங்கள் இருக்கின்றன. 2005 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தலமும்கூட. இவ்வளவு பிரபலமான இடத்துக்கு ஏன் ஆங்கிலத்தில் ஒரு பெயர்? அந்தப் பெயரை வைத்தவர் யார்? பதில், பள்ளியில் விளையாடவே அனுமதிக்கப்படாத ஒரு பையனிடம் ஆரம்பிக்கிறது.

படியில் மெதுவாக ஏறச் சொன்னார்கள்

ஃப்ராங்க் ஸ்மைத் 1900 ஜூலை 6 அன்று இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் உள்ள மெய்ட்ஸ்டோனில் பிறந்தார். அப்பா சீக்கிரமே இறந்துவிட, அம்மா பொத்திப் பொத்தி வளர்த்தார். இதயத்தில் ஏதோ சத்தம் கேட்கிறது என்று மருத்துவர்கள் சொன்னதால் பள்ளியில் ஓடியாடும் விளையாட்டுகளுக்குத் தடை. எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயரிங் படித்தார். அந்த வேலை அவருக்கு ஒட்டவில்லை. பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்தார். அங்கேயும் உடல்நிலையைக் காரணம் காட்டி 1927-ல் வெளியே அனுப்பினார்கள். இனி மாடிப்படியில்கூட மெதுவாக ஏற வேண்டும் என்பதுதான் அவருக்குச் சொல்லப்பட்ட மருத்துவ அறிவுரை.

அதே 1927-லும் அடுத்த ஆண்டிலும், ஐரோப்பாவின் உயரமான சிகரங்களில் ஒன்றான மான்ட் பிளாங்கின் பிரென்வா முகப்பில் இரண்டு புதிய பாதைகளில் ஏறி முடித்தார். பனிச்சரிவுக்குப் பெயர்போன செங்குத்தான பக்கம் அது. கூட ஏறியவர் தாமஸ் கிரஹாம் பிரவுன். பெருமை யாருக்கு என்பதில் இரண்டு பேருக்கும் வந்த சண்டை கடைசிவரை தீரவே இல்லை. ஸ்மைத் சட்டென்று முகம் சுளிக்கும் ஆள் என்பதைக் கூட மலையேறியவர்கள் பலர் பதிவு செய்திருக்கிறார்கள். உயரம் கூடக்கூடத்தான் அவர் கோபம் குறையும் என்பது நண்பர்களுக்குள் ஓடிய கிண்டல்.

நிரந்தர வேலை இல்லை. அதனால் எழுதினார், படம் எடுத்தார், ஊர் ஊராகப் போய்ப் பேசினார். மலையேற்றத்தையே முழுநேரப் பிழைப்பாக்கிக்கொண்ட முதல் பிரிட்டிஷ்காரர்களில் அவரும் ஒருவர். இன்றைய மொழியில் சொன்னால் ‘கன்டென்ட் கிரியேட்டர்’. ஏட்டிக்குப் போட்டியாக எழுதுகிறார், பணத்துக்காக எழுதுகிறார் என்று அந்தக் கால மேட்டுக்குடி மலையேறிகள் முகம் சுளித்ததும் உண்டு. மொத்தம் 27 புத்தகங்கள் எழுதினார்.

காமெட் உச்சியில் முதல் காலடி

1930-ல் கஞ்சன்ஜங்கா பயணத்தில் சேர்ந்து முதன்முறையாக இமயமலைக்கு வந்தார். அந்தப் பயணத்தில் பனிச்சரிவில் செத்தான் என்ற ஷெர்பா இறந்தார். சிகரமும் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு ஸ்மைத்தே தலைமை ஏற்றுச் சிறிய குழு ஒன்றைக் கூட்டிவந்தார். இலக்கு, கர்வாலில் திபெத் எல்லையை ஒட்டியிருக்கும் காமெட். உயரம் 7,756 மீட்டர். அதற்கு முன்பு பல குழுக்கள் முயன்று திரும்பிய மலை.

1931 ஜூன் 21 அன்று ஸ்மைத், எரிக் ஷிப்டன், ஹோல்ட்ஸ்வொர்த், ஷெர்பா லேவா ஆகியோர் உச்சியை எட்டினார்கள். அதுவரை மனிதர்கள் ஏறிய சிகரங்களிலேயே உயரமானது அதுதான். கடைசிச் சில அடிகள் பாக்கி இருந்தபோது ஸ்மைத்தும் மற்றவர்களும் நின்று, லேவாவைப் பிடித்து முன்னால் தள்ளிவிட்டார்கள். உச்சியில் முதலில் கால் வைத்தது லேவா. சுமை தூக்கியவர்கள் இல்லாமல் இது நடந்திருக்காது என்பதை ஒப்புக்கொள்ளும் விதமாக அதைச் செய்தார்கள். 1931-ல், ஆங்கிலேயர் ஆட்சி நடந்துகொண்டிருந்த நாட்டில், இது சின்ன விஷயம் இல்லை.

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ‘முதலில் யார்’ என்ற கேள்வி இந்தக் கதையில் மறுபடி வரும்.

வழி மாறவில்லை, மழை பெய்தது

ஸ்மைத்தும் நண்பர்களும் வழி தவறிப்போய் மலர்ப் பள்ளத்தாக்கில் விழுந்தார்கள் என்று பல டிராவல் தளங்கள் எழுதுகின்றன. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. உண்மையில் அவர்கள் திட்டமிட்டுத்தான் போனார்கள். காமெட்டிலிருந்து இறங்கி, தௌலி கங்கைக் கரையில் இருக்கும் கம்சாலி கிராமத்துக்கு வந்து, அங்கிருந்து பியுந்தர் கணவாய் வழியாக மேற்கே பத்ரிநாத் பக்கம் உள்ள மலைகளைப் பார்க்கக் கிளம்பினார்கள். பருவமழை ஆரம்பித்திருந்தது. கணவாயில் ஈரப்பனி, காற்று, மூடுபனி. சீக்கிரம் கீழே இறங்கி எங்காவது கூடாரம் போட்டால் போதும் என்ற நிலை.

இறங்க இறங்கப் பாறைகளுக்கு நடுவே நிறம் தெரிய ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில், செடியை மிதிக்காமல் காலை எங்கே வைப்பது என்று யோசிக்கும் அளவுக்குப் பூக்கள். வாரக்கணக்கில் கல்லையும் பனிக்கட்டியையும் மட்டுமே பார்த்த கண்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்! குழுவில் ஹோல்ட்ஸ்வொர்த்துக்குத் தாவரவியல் தெரியும்; பின்னாளில் டேராடூனின் டூன் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர் அவர். அவர் பெயர் பெயராகச் சொல்லச் சொல்ல, தோட்டக்கலையில் ஆசை இருந்தும் அறிவு குறைவாக இருந்த ஸ்மைத் பார்த்துக்கொண்டே நடந்தார். தங்களுக்குள் அந்த இடத்தை ‘மலர்களின் பள்ளத்தாக்கு’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்தப் பெயர்தான் இன்று இந்திய அரசின் பெயர்ப்பலகையில் இருக்கிறது.

அப்போ, கண்டுபிடித்தது அவரா?

இல்லை. பியுந்தர் கிராமத்து மக்களுக்கு அந்த இடம் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். கோடையில் ஆட்டு மந்தைகளை மேலே ஓட்டிப்போய், பனி விழும் முன்பு கீழே இறக்கிவிடுவார்கள். தேவதைகள் நடமாடும் இடம், மயங்கி நின்றால் தூக்கிக்கொண்டு போய்விடும் என்ற பயமும் அந்தப் பக்கத்து ஊர்களில் இருந்தது. மகாபாரதத்தில் திரௌபதி கேட்ட மலரைத் தேடி பீமன் போன மலை இந்தப் பக்கம்தான் என்பதும் உள்ளூர் நம்பிக்கை. இன்றும் பிரம்ம கமலம் இங்கே பூஜைக்குரிய பூ.

ஐரோப்பியர் என்று எடுத்துக்கொண்டாலும் ஸ்மைத் முதல் ஆள் கிடையாது. 1862-லேயே எட்மண்ட் ஸ்மித் என்ற ராணுவ அதிகாரி புஷ்பவதி ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு வந்திருக்கிறார். இரண்டு பேரின் குடும்பப் பெயரும் ஆங்கிலத்தில் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் சில இணையக் கட்டுரைகள் இருவரையும் ஒன்றாக்கிவிடுகின்றன.

ஆக, ஸ்மைத் செய்தது கண்டுபிடிப்பு இல்லை, விளம்பரம். அதைக் குறைத்துச் சொல்லவும் முடியாது. அந்த விளம்பரம் இல்லையென்றால் அந்தப் பள்ளத்தாக்கு இன்று தேசியப் பூங்காவா என்பது சந்தேகம்தான்.

எவரெஸ்டில் கூட வந்த ‘ஒருவர்’

நடுவில் எவரெஸ்ட். 1933, 1936, 1938 என்று மூன்று பயணங்கள். 1933-ல் ஷிப்டன் உடல்நிலை சரியில்லாமல் திரும்பிவிட, ஸ்மைத் தனியாக, ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல், ஏறக்குறைய 8,570 மீட்டர் வரை ஏறினார். அப்போதைய உயரச் சாதனைக்குச் சமம் அது. பக்கத்தில் யாரோ கூடவே ஏறுவதுபோல ஓர் உணர்வு அவருக்கு இருந்துகொண்டே இருந்தது. ஒரு கட்டத்தில் கையிலிருந்த புதினா மிட்டாயை உடைத்து, பாதியைக் கொடுப்பதற்காகத் திரும்பினார். யாரும் இல்லை. ஆக்சிஜன் குறைவில் மூளை என்ன செய்யும் என்று பேசுபவர்கள் இன்றும் இந்தச் சம்பவத்தைத்தான் உதாரணமாகச் சொல்கிறார்கள்.

1936 பயணத்தில் தொலைநோக்கி வழியாக எவரெஸ்ட் சரிவில் ஒரு விசித்திரமான பொருளைப் பார்த்தார். 1924-ல் காணாமல்போன மல்லோரி அல்லது இர்வினின் உடலாக இருக்கலாம் என்று நினைத்தவர், பத்திரிகைகள் ஊதிப் பெரிதாக்கிவிடும் என்று வெளியே சொல்லவில்லை. ஒரே ஒரு கடிதத்தில் சக மலையேறி ஒருவருக்கு மட்டும் எழுதினார். மல்லோரியின் உடல் 1999-ல் கிடைத்தது. ஸ்மைத்தின் மகன் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் மூலம் அந்தக் கடிதம் வெளியே தெரிந்தது 2013-ல். எதையும் எழுதிக் காசாக்குவார் என்று பெயர் வாங்கிய மனிதர், தன்னிடம் இருந்த மிகப் பெரிய செய்தியை எழுதவே இல்லை.

1937: பூக்களுக்காக ஒரு பயணம்

ஆறு ஆண்டுகள் கழித்து ஸ்மைத் திரும்ப வந்தார். இந்த முறை பெரிய குழு இல்லை. டார்ஜிலிங்கிலிருந்து வந்த சில ஷெர்பாக்கள், உள்ளூர்ச் சுமைத் தொழிலாளர்கள், செடிகளை அழுத்திக் காயவைக்கும் அட்டைகள், காகிதங்கள், கேமராக்கள். ராணிகேத்திலிருந்து நடந்து ஜூன் மாதம் பள்ளத்தாக்கை அடைந்து கூடாரம் போட்டார்.

இந்த இடத்தின் நேரக்கணக்கு வேறு மாதிரி. வருடத்தில் பாதிக்கும் மேல் பனி. ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் செடிகளுக்கு வாழ்க்கை. அதற்குள் முளைத்து, பூத்து, விதை போட்டு முடிக்க வேண்டும். அதனால் நிலத்தின் நிறம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாறுகிறது. பனி உருகும் ஓரங்களில் முதலில் பிரிமுலா. பிறகு ஜெரேனியம், பொட்டென்டில்லா, பாறை இடுக்குகளில் முள்ளோடு நிற்கும் நீல பாப்பி. மழை வலுக்கும்போது ஆளுயரக் காசித்தும்பை இனம் ஒன்று சரிவையே இளஞ்சிவப்பாக்கிவிடும். ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வருபவருக்கு இதில் ஒரு பக்கம்தான் கிடைக்கும். ஸ்மைத் அங்கேயே தங்கியதால் புத்தகத்தை வரிசையாகப் புரட்ட முடிந்தது.

பூக்கும்போது செடியை அடையாளம் வைத்து, விதை முற்றும்போது திரும்பி வந்து சேகரிப்பதுதான் வேலை. நடுவில் கிடைத்த வாரங்களில் மலை ஏறாமல் இருப்பாரா? நீலகிரி பர்பத் என்ற 6,474 மீட்டர் சிகரத்தில் முதன்முதலாக ஏறினார் (நம்ம ஊட்டி நீலகிரி இல்லை, பெயர்தான் ஒன்று). பிறகு நண்பர் பீட்டர் ஆலிவருடன் போய் 7,272 மீட்டர் மானா சிகரம். அதில் கடைசிப் பகுதியை ஸ்மைத் தனியாகவே ஏறி முடித்தார். பனியில் பெரிய காலடித் தடங்களைப் பார்த்து ஷெர்பாக்கள் பனிமனிதன் என்று பயந்தபோது, ஸ்மைத் தடத்தை அளந்து, படம் எடுத்து, லண்டனில் விலங்கியல் நிபுணர்களிடம் காட்டினார். கரடி என்று பதில் வந்தது. ‘யெட்டி’ கதைக்குக் கிராக்கி இருந்த காலத்தில், அது கரடிதான் என்று பத்திரிகையில் எழுதவும் செய்தார்.

1938-ல் ‘தி வேலி ஆஃப் ஃப்ளவர்ஸ்’ புத்தகம் வெளியானது. கலர் போட்டோ அபூர்வமாக இருந்த காலத்தில் அதில் வண்ணப் படங்கள் இருந்தன. ஐரோப்பா அடுத்த போரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது, பூக்களையும் நிம்மதியையும் பற்றிய அந்தப் புத்தகம் வாசகர்களிடம் நன்றாகவே எடுபட்டது.

படித்துவிட்டு வந்தவர், திரும்பவில்லை

அந்தப் பள்ளத்தாக்கைத் தேடி வந்தவர்களில் ஒருவர் ஜோன் மார்கரெட் லெக், வயது 54. செடிகள் சேகரிப்பதற்காக 1939 கோடையில் வந்தார். ஜூலை 4 அன்று பூ பறிக்கப் போன இடத்தில் பாறைச் சரிவில் சறுக்கி விழுந்து இறந்தார். அங்கேயே புதைக்கப்பட்டார். பிறகு அவருடைய சகோதரி இவ்வளவு தூரம் வந்து ஒரு நினைவுக் கல் வைத்தார். இன்றும் டிரெக் போகிறவர்கள் அந்தக் கல் வரை போய்விட்டுத்தான் திரும்புகிறார்கள்.

கடைசி வருடங்கள்

ஸ்மைத்தின் சொந்த வாழ்க்கை அவர் புத்தகங்களில் இருப்பதுபோல நிம்மதியாக இல்லை. மூன்று மகன்கள் இருந்த குடும்பத்தை 1938 வாக்கில் விட்டுப் பிரிந்து, வேறொரு பெண்ணுடன் வாழப் போனார். இரண்டாம் உலகப் போரில் கனடாவின் ராக்கி மலைகளில் பிரிட்டிஷ் வீரர்களுக்கு மலைப்போர்ப் பயிற்சி கொடுத்தார். அங்கே ஒரு மலைக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள்.

1949-ல் மறுபடி இந்தியா. டார்ஜிலிங்கில் அவரைச் சந்தித்தவர் டென்சிங் நோர்கே. எவரெஸ்டைத் தொட இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன அவருக்கு. பழைய எவரெஸ்ட் பயணங்களில் ஸ்மைத்தோடு போனவர் என்பதால், ஆள் மாறியிருப்பது டென்சிங்குக்கு உடனே தெரிந்தது. பேச்சில் தடுமாற்றம், கையெழுத்துப் போடவே யோசனை. தெருவில் நடந்துகொண்டிருக்கும்போது மலை மேல் இருப்பதாக நினைத்து, தன் பனிக்கோடரியை எங்கே என்று கேட்டார். டென்சிங் முதலில் ஜோக் என்றுதான் நினைத்தார். மலேரியா மூளையைத் தாக்கியிருந்தது. இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். 1949 ஜூன் 27 அன்று இறந்தார். 49-வது பிறந்தநாளுக்கு ஒன்பது நாள் இருந்தது. பலவீனம் என்று சொல்லப்பட்ட இதயம் கடைசிவரை காரணம் ஆகவில்லை.

வேலி போட்டால் பூ பிழைக்குமா?

ஸ்மைத் போன பிறகுதான் பள்ளத்தாக்கின் கதையில் சிக்கல் ஆரம்பிக்கிறது. 1962 எல்லைப் போருக்குப் பிறகு இந்தப் பகுதிக்கு வெளியாட்கள் வருவது கட்டுப்படுத்தப்பட்டு, 1974-ல் மறுபடி திறக்கப்பட்டது. 1980-களின் தொடக்கத்தில் தேசியப் பூங்கா ஆனது. கூடவே ஆடு மேய்க்கத் தடை வந்தது. பூவைக் காப்பாற்ற ஆட்டை வெளியே அனுப்பு. காகிதத்தில் பார்த்தால் சரியான முடிவு.

சில ஆண்டுகளிலேயே தாவரவியலாளர்கள் ஒரு மாற்றத்தைக் கவனித்தார்கள். உள்ளூரில் ‘அமேலா’ எனப்படும் பாலிகோனம் இனச் செடி ஒன்று, ஆளுயரத்துக்குப் புதர்போல வளர்ந்து பரவியது. அதன் நிழலில் குட்டையான பூச்செடிகளால் தலைதூக்க முடியாது. இது வெளிநாட்டுக் களை இல்லை, இமயமலைச் செடிதான். முன்பும் இருந்தது. ஆடுகள் மிதித்தும் கடித்தும் அதைத் தட்டி வைத்திருந்தன, தடைதான் அதை அவிழ்த்துவிட்டது என்றது ஒரு தரப்பு; மேய்ச்சலைத் திரும்ப அனுமதிக்கக் கோரியது. இன்னொரு தரப்பு ஒத்துக்கொள்ளவில்லை. ஆட்டுக்கிடை போட்ட இடங்களிலும் மண் சரிந்த இடங்களிலும்தான் அமேலா செழிக்கிறது, பழைய மேய்ச்சலின் மிச்சம்தான் அது, மேய்ச்சல் திரும்பினால் அபூர்வச் செடிகள்தான் போகும் என்றது. நம்மூரில் வயலில் கிடை போட்டால் அடுத்த பருவம் பயிர் எப்படி எழும் என்று தெரிந்தவர்களுக்கு இந்த வாதம் எளிதாகப் புரியும்.

இரண்டு தரப்பும் களத்தில் அளந்து பார்த்துத்தான் பேசியது. ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஸ்மைத் பார்த்து அசந்துபோன பள்ளத்தாக்கு, ஆடு மேய்ந்துகொண்டிருந்த பள்ளத்தாக்கு. மனிதக் கை படாத சொர்க்கம் என்று வாசகர்கள் நினைத்துக்கொண்ட இடத்தில், ஒவ்வொரு கோடையிலும் மேய்ப்பர்கள் இருந்தார்கள். ஸ்மைத்தின் சொந்த நாட்டில் இந்தப் பாடம் வேறு விதமாகத் தெரியும்: அங்கே காட்டுப்பூ நிறைந்த புல்வெளிகளில் 97 சதவீதம் 1930-களுக்குப் பிறகு அழிந்துவிட்டதாக மதிப்பிடப்படுகிறது. மிச்சம் இருப்பதைக் காப்பவர்கள், பூ முடிந்ததும் புல்லை அறுத்து, பிறகு மாடுகளைக் கணக்குப் பார்த்து உள்ளே விடுகிறார்கள். சும்மா விட்டால் முரட்டுப் புல்லும் புதரும் மூடிவிடும். அந்தக் கணக்கை 3,500 மீட்டர் உயர இமயமலைச் சரிவில் அப்படியே போட முடியாது என்பதும் உண்மை. மண் வேறு, பருவம் வேறு, இடமும் குறைவு.

மேய்ச்சலை இழந்த பியுந்தர் மக்களுக்கு இப்போது வருமானம் சுற்றுலாவிலிருந்துதான்: காங்கரியாவில் கடை, தங்கும் விடுதி, கோவேறு கழுதை, வழிகாட்டி வேலை. ஹேம்குண்ட் சாஹிப் யாத்திரைக்கும் இதே பாதை என்பதால் கூட்டத்துக்குக் குறைவில்லை. பாதையில் சேரும் பிளாஸ்டிக்கைப் பொறுக்குவது உள்ளூர்ச் சூழல் மேம்பாட்டுக் குழு. 2013 ஜூன் வெள்ளத்தில் பாதையும் பாலங்களும் அடித்துப்போனபோது இந்த வருமானமும் சேர்ந்தே போனது. மறுபடி வழி போட்டுத் திறக்க வேண்டியிருந்தது.

போக நினைப்பவர்களுக்கு: பூங்கா ஜூன் முதல் அக்டோபர் வரைதான் திறந்திருக்கும். பூக்கள் உச்சத்தில் இருப்பது ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் வரை, மழையும் அப்போதுதான். காங்கரியாவில் தங்கி, காலையில் அனுமதிச் சீட்டு வாங்கி உள்ளே போய், மாலைக்குள் வெளியே வந்துவிட வேண்டும். உள்ளே கூடாரம் போட அனுமதி இல்லை. ஸ்மைத் இன்று வந்தாலும் அதே விதிதான்.

பாதையை விட்டு விலகி நடக்க வேண்டாம். போகும் வழியில் குனிந்து செடி பிடுங்கிக்கொண்டிருக்கும் ஆட்களைப் பார்த்தால் குழம்ப வேண்டாம். வனத்துறை வேலைக்கு வைத்திருக்கும் ஆட்கள்தான், பிடுங்குவது அமேலா. விதை விழும் முன்பு எடுத்துவிட வேண்டும்; வேர்த்துண்டு மண்ணில் தங்கிவிட்டால் அடுத்த ஜூனில் அதே இடத்தில் மறுபடி முளைத்திருக்கும்.